“மாமாவுக்குத் திறக்குது... அத்தைக்குத் திறக்கலை!” - ஒரே கம்ப்யூட்டரில் ஒருவருக்கு மட்டும் ஓடும் சாஃப்ட்வேர்... சரிசெய்வது எப்படி?

இரவு 9 மணிக்கு அத்தையிடமிருந்து போன். அன்று மதியம்தான் மாமாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து ஐ.சி.யூ-வில் வைத்திருந்தார்கள். போனில் அத்தையின் பெயரைப் பார்த்ததும் பதறிவிட்டேன்.

“மாமா நல்லா இருக்கார் பாப்பா, பயப்படாதே. இது கடை விஷயம். கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தெல்லாம் என்னமோ இங்கிலீஷ் எழுத்தா வருது. பில் போடுற சாஃப்ட்வேரைக் காணவே காணோம். காலையில 10 மணிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் கொடுத்தாகணும். என்ன பண்றதுன்னே தெரியலை” என்றார்.

மாமா ஊரில் சின்னதாக ஒரு டி.டி.பி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் என்று எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். அத்தைக்கும் தமிழ் டைப்பிங் அத்துப்படி. ஆனால், இத்தனை நாளும் மாமா தன் லாகினைத் திறந்து கொடுக்க, அதில்தான் அத்தை வேலை பார்த்துவந்தார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, “ஆளுக்கு ஒரு லாகின் இருந்தாதான் பாதுகாப்பு” என்று அத்தைக்குத் தனி யூஸர் அக்கவுன்ட் உருவாக்கிக் கொடுத்தது நான்தான். அதில் அவர் சமையல் வீடியோ பார்த்ததோடு சரி. மாமாவின் பின் நம்பர் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் கேட்க முடியாத ராத்திரியில்தான், ஆஸ்பத்திரியில் மகனை உட்காரவைத்துவிட்டு வந்து, அத்தை முதன்முதலாகத் தன் லாகினில் கடை வேலையைத் தொட்டிருக்கிறார்.

எனக்கு முன்னால் அவர் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, “விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கு. உங்க டேட்டா டி டிரைவ்லதானே இருக்கு? சி டிரைவை ஃபார்மேட் பண்ணிடலாம்” என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அத்தை தலையாட்டவில்லை. ஆட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அண்ணன் இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேர் தங்கையின் லாகினில் திறக்காது. ஸ்கூல் லேபில் ஆசிரியருக்கு ஓடுவது மாணவர்களுக்கு ஓடாது. ஆபீஸில் வேலையை விட்டுப் போனவரின் லாகினில் மட்டும் ஓடும் சாஃப்ட்வேருக்காக, அந்த லாகினை அழிக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இந்தச் சிக்கலில் கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்காது. சாஃப்ட்வேர், அதை இன்ஸ்டால் செய்தவருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகியிருக்கும். அவ்வளவுதான்!

ஒரே வீடு... தனித்தனி அறைகள்!

விண்டோஸ் கம்ப்யூட்டரை ஒரு கூட்டுக் குடும்ப வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் புழங்கும் ஹால் ஒன்று உண்டு. அதுதான் சி டிரைவில் இருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டர். அது தவிர, ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு. அது ‘யூஸர்ஸ்’ ஃபோல்டருக்குள் அவரவர் பெயரில் இருக்கும். அந்த அறைக்குள் சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு பீரோவும் உண்டு. அதன் பெயர் ‘ஆப்டேட்டா’. சாஃப்ட்வேர்களின் செட்டிங்ஸ், தற்காலிக ஃபைல்கள் எல்லாம் அங்கேதான் சேரும். ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் விண்டோஸின் பதிவேட்டிலும் இதேபோல ‘இந்த இயந்திரத்துக்கு’ என்று ஒரு பகுதியும், ‘இந்த யூஸருக்கு’ என்று ஒரு பகுதியும் தனித்தனியாக இருக்கின்றன.

ஹாலில் வைத்த டி.வி-யை எல்லோரும் பார்க்கலாம். அறைக்குள் வைத்தால் அறைக்காரர் மட்டும்தான் பார்க்க முடியும். சாஃப்ட்வேருக்கும் இதே கணக்குதான்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீடுகளில் இந்தப் பிரச்னை அவ்வளவாக இல்லை. பெரும்பாலும் எல்லோருமே அட்மினாகத்தான் இருந்தார்கள். வைரஸ்களுக்கும் அது வசதியாக இருந்தது. 2007-ல் வெளியான விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் கடிவாளம் போட்டது. ஹாலில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் அனுமதி கேட்கும் பெட்டி அப்போதுதான் வந்தது. அந்தப் பெட்டியே வராமல் இன்ஸ்டால் ஆக வேண்டும் என்றால் ஒரு வழிதான்... யூஸரின் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவது! இன்றைக்குப் பல சாஃப்ட்வேர்கள் அதைத்தான் செய்கின்றன. அட்மின் அனுமதி கிடைக்காவிட்டால் கூகுள் குரோம்கூட இன்ஸ்டால் செய்பவரின் ஆப்டேட்டாவுக்குள் போய்விடும்.

சில சாஃப்ட்வேர்கள் இன்ஸ்டால் ஆகும்போதே, “எல்லோருக்குமா, உங்களுக்கு மட்டுமா?” என்று கேட்கும். நாம்தான் படிக்காமலேயே ‘நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஃபினிஷ்’ என்று போய்விடுகிறோம்.

முதலில் மூன்று சோதனைகள்

எதையும் அழிப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். பத்து நிமிடங்கள் போதும்.

1. ரீஸ்டார்ட்: ‘ஸ்விட்ச் யூஸர்’ கொடுத்து மாறினால், முதல் ஆள் திறந்துவைத்த சாஃப்ட்வேர் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் திறக்காத சாஃப்ட்வேர்கள் உண்டு. அதனால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, நேராக இரண்டாம் ஆளின் லாகினுக்குப் போய்த் திறந்து பாருங்கள்.

2. இருப்பிடம்: இன்ஸ்டால் செய்தவரின் லாகினில் அந்த ஐகான் மீது ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். அங்கேயும் ஷார்ட்கட்தான் இருந்தால் அதன் மீதும் ஒருமுறை அதையே செய்யுங்கள். மேலே வரும் முகவரியில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இருந்தால் சாஃப்ட்வேர் ஹாலில் இருக்கிறது. ‘யூஸர்ஸ்’, ‘ஆப்டேட்டா’ என்று இருந்தால் அறைக்குள் இருக்கிறது.

3. மூன்றாவது ஆள்: செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதிக்குப் போய், புதிதாக ஒரு லோக்கல் யூஸரை உருவாக்கி, அதில் திறந்து பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் கோளாறு இன்ஸ்டால் செய்த விதத்தில் இருக்கிறது. புது ஆளுக்கு ஓடினால், இரண்டாம் ஆளின் செட்டிங்ஸில் இருக்கிறது. வேலை முடிந்ததும் புது யூஸரை நீக்கிவிடலாம்.

இரண்டாவது சோதனைக்கு மாமாவின் லாகின் வேண்டும். அன்று இரவு எங்களிடம் அது இல்லை. அத்தையை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, அவர் லாகினில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எழுத்து ஏன் மாறுது?

டிசைன் சாஃப்ட்வேர் அத்தைக்கும் திறந்தது. பத்திரிகை ஃபைலும் டி டிரைவிலிருந்து திறந்தது. ஆனால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்துகட்டி நின்றன.

காரணம் ஃபான்ட். டி.டி.பி கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய வகை ஃபான்ட்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் டைப் செய்யும்போது கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது ஃபான்ட்டின் வேலை. ஃபான்ட் இல்லாவிட்டால் போர்வை விலகி, உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். யூனிகோடில் டைப் செய்திருந்தால், அதே ஃபான்ட் இல்லாவிட்டாலும் விண்டோஸில் இருக்கும் வேறொரு தமிழ் ஃபான்ட்டில் தமிழாகவே தெரியும்.

சரி, மாமாவுக்கு இருக்கும் ஃபான்ட் அத்தைக்கு ஏன் இல்லை? 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட் ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து வெறுமனே ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் அது கொடுத்தவருக்கு மட்டும்தான் இன்ஸ்டால் ஆகும். எல்லோருக்கும் வேண்டும் என்றால் ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூஸர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அட்மின் அனுமதி தேவை. விண்டோஸ் 11-ல் இது ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கலாம்.

இந்த விதியே அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஒருவருக்கு மட்டும் இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு வேண்டாமே! மாமா டி டிரைவில் ஃபான்ட்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். அத்தை எல்லாவற்றையும் செலக்ட் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தார். டிசைன் சாஃப்ட்வேரை மூடித் திறந்ததும், “வந்துருச்சு பாப்பா... மாப்பிள்ளை பேர் வந்துருச்சு!” என்றார். அப்போது மணி 10:20.

ஐகானே இல்லையா?

அடுத்தது பில் போடும் சாஃப்ட்வேர். அத்தையின் ஸ்டார்ட் மெனுவில் அது இல்லை. ஆனால், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தேடியபோது அதன் ஃபோல்டர் இருந்தது. அதாவது, சாஃப்ட்வேர் ஹாலில்தான் இருக்கிறது. ஐகான் மட்டும் மாமாவின் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. இப்படி இருந்தால் மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஃபோல்டருக்குள் இருக்கும் அப்ளிகேஷன் ஃபைலுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டால் போதும். அந்த ஷார்ட்கட்டை ‘யூஸர்ஸ் - பப்ளிக் - பப்ளிக் டெஸ்க்டாப்’ ஃபோல்டரில் வைத்தால் எல்லோருடைய டெஸ்க்டாப்பிலும் தெரியும். இந்த ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்துகொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் ஆப்டேட்டாவுக்குள் இருந்தால் வேறு கதை. அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து ஹாலில் வைத்தால் பெரும்பாலும் ஓடாது. ரெஜிஸ்ட்ரி பதிவுகள் பழைய ஆளின் பெயரில்தானே இருக்கும்? முறையான வழி இதுதான்: முதலில் அதன் டேட்டாவை பேக்கப் எடுங்கள். இன்ஸ்டால் செய்தவரின் லாகினிலேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு, எல்லோருக்குமான பதிப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்.

கோடிங் படிக்கும் மாணவர்கள் கவனிக்க... விஷுவல் ஸ்டூடியோ கோட் சாஃப்ட்வேரில் ‘யூஸர் இன்ஸ்டாலர்’, ‘சிஸ்டம் இன்ஸ்டாலர்’ என இரண்டு உண்டு. வீட்டில் இரண்டு பேர் படிக்கிறீர்கள் என்றால் இரண்டாவதை எடுங்கள். பைத்தானில் ‘கஸ்டமைஸ் இன்ஸ்டாலேஷன்’ வழியாகப் போனால், எல்லோருக்கும் இன்ஸ்டால் செய்யும் டிக் பாக்ஸ் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப்கள் ஆளுக்கு ஆள் தனி. இரண்டாவது ஆளும் தன் லாகினில் ஸ்டோரைத் திறந்து ஒருமுறை இன்ஸ்டால் கொடுக்க வேண்டும்.

திறக்குது... ஆனா கணக்கு காலி!

பில் சாஃப்ட்வேர் அத்தைக்குத் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. மூன்று வருட பில், யார் யார் எவ்வளவு பாக்கி என்கிற விவரம், எதுவுமே இல்லை. போனில் சில நொடிகள் சத்தமே இல்லை. “எல்லாம் அழிஞ்சுபோச்சா?” என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரி செலவுக்கு அந்தப் பாக்கிகளைத்தான் வசூல் செய்ய நினைத்திருந்தார்.

அழியவில்லை. பழைய சாஃப்ட்வேர்கள் சில, தங்கள் டேட்டாவைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுத முயலும். விஸ்டாவுக்குப் பிறகு, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத விண்டோஸ் விடாது. அதே நேரம், பழைய சாஃப்ட்வேர் நின்றுவிடவும் கூடாது. அதனால் விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. எழுதுவதை வாங்கி, அந்த யூஸரின் ஆப்டேட்டாவில் ‘லோக்கல் - வெர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. ஹாலில் எழுதியதாக சாஃப்ட்வேர் நினைத்துக்கொண்டிருக்கும். நோட்டுப் புத்தகம் இருப்பதோ அறைக்குள்!

அதனால்தான் மாமா திறந்தால் மூன்று வருட கணக்கு தெரிகிறது. அத்தை திறந்தால் காலி நோட்டு தெரிகிறது. இது புரியாமல் அத்தை அங்கேயே பில் போட ஆரம்பித்திருந்தால், ஒரே கடைக்கு இரண்டு கணக்கு ஆகியிருக்கும்.

இப்போது அந்த ஃபார்மேட் யோசனைக்கு வருவோம். “டேட்டா டி டிரைவ்லதானே இருக்கு” என்று மாமாவே நம்பிக்கொண்டிருந்தார். டிசைன்கள் அங்கேதான் இருந்தன. ஆனால், கணக்கு இருந்தது சி டிரைவில், மாமாவின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில், மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில். சி டிரைவை ஃபார்மேட் செய்திருந்தால், வேறு பிரதி இல்லாத அந்த மூன்று வருட கணக்கும் சேர்ந்தே போயிருக்கும்.

“நாளைக்கு வரை அந்த சாஃப்ட்வேரைத் தொடாதீங்க அத்தை. பில்லைக் கையில எழுதிக்கோங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.

அட்மின் பாஸ்வேர்டு போட்டும் ஏமாறலாம்!

“அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சா பிரச்னையே இல்லையே” என்று தோன்றும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அத்தை தன் லாகினில் ஓர் இன்ஸ்டாலரைத் திறந்து, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, மாமாவின் பாஸ்வேர்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்திலிருந்து அந்த இன்ஸ்டாலருக்கு மாமாதான் யூஸர். அது ‘உங்களுக்கு மட்டும்’ வகை என்றால், போய் உட்காரும் இடம் மாமாவின் அறை. “இன்ஸ்டால் ஆனது” என்று வரும். அத்தையின் லாகினில் எதுவும் இருக்காது.

இப்படியே ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து ஃபைலை ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் சேமித்தால், அதுவும் மாமாவின் டாக்குமென்ட்ஸுக்குத்தான் போகும். அதனால் அறைக்குள் உட்காரும் வகை சாஃப்ட்வேர் என்றால், யாருக்கு வேண்டுமோ அவர் லாகினில் சாதாரணமாக டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். எல்லோருக்குமான வகை என்றால் மட்டும் அட்மின் அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று, லைசென்ஸ். சில சாஃப்ட்வேர்களின் லைசென்ஸே ஒரு நபரின் பெயரில், அவரது மெயில் ஐ.டி-யோடு சேர்ந்தது. அடுத்தவருக்கு அது திறக்காமல் இருப்பது கோளாறு அல்ல, அதுதான் விதி. அதற்குக் குறுக்குவழி தேடாமல், குடும்பத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

* எல்லோரையும் அட்மின் ஆக்காதீர்கள். ஒருவர் தெரியாமல் திறக்கும் தவறான ஃபைல் மொத்தக் கம்ப்யூட்டரையும் பாதிக்கலாம்.

* சி டிரைவ் முழுவதற்கும் எல்லோருக்கும் ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுக்காதீர்கள். தேவை என்றால், அந்த சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் ‘மாடிஃபை’ அனுமதி கொடுங்கள்.

* ஆப்டேட்டாவைப் பார்க்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள். பழைய யூஸரை டெலிட் செய்யும் முன்பும் இதே எச்சரிக்கை வேண்டும்.

* ஆள் மாறினால் பிரின்டரும் மாறலாம். டீஃபால்ட் பிரின்டர் ஒவ்வொரு லாகினுக்கும் தனி. பிரின்ட் வரவில்லை என்றதும் பிரின்டரைக் குறை சொல்லாதீர்கள்!

டேப்லெட்டிலும் இது உண்டு!

ஆண்ட்ராய்டில் பல யூஸர் வசதி 2012-ல் 4.2 பதிப்பில் டேப்லெட்களுக்கும், 2014-ல் 5.0 பதிப்பில் போன்களுக்கும் வந்தது. எல்லா போன்களிலும் இது இருப்பதில்லை. இருந்தால், அம்மாவின் புரொஃபைலில் இறக்கிய ஆப் பிள்ளையின் புரொஃபைலில் தெரியாது. அங்கேயும் ஒருமுறை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

மறுநாள்...

காலை 10 மணிக்கு புரூஃப் போய்விட்டது. மதியம் மாமாவை வார்டுக்கு மாற்றினார்கள். அவர் மகனிடம் பின் நம்பரைச் சொல்லி அனுப்பினார். மாமாவின் லாகினில் நுழைந்து வெர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்தால், மூன்று வருட கணக்கும் பத்திரமாக இருந்தது. முதலில் ஒரு பென் டிரைவில் பேக்கப். பிறகு, டி டிரைவில் பொதுவாக ஒரு ஃபோல்டரை உருவாக்கி, கணக்கை அங்கே காப்பி செய்து, டேட்டா அங்கேதான் இருக்கிறது என்று பில் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸிலும் மாற்றினோம். ஃபான்ட்களை எல்லோருக்குமாக இன்ஸ்டால் செய்தோம். அத்தையின் லாகினில் ஒரு பில் போட்டு, அது மாமாவின் லாகினில் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நிம்மதி வந்தது.

உண்மையில் இந்தச் சோதனையை நான் பொங்கலன்றே செய்திருக்க வேண்டும். தனி லாகின் உருவாக்கிக் கொடுத்தது சரி. அதில் கடையின் ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் ஒருமுறை திறந்து பார்க்காமல் விட்டது என் தப்பு. உங்கள் வீட்டிலோ கடையிலோ இரண்டு லாகின் இருந்தால், இந்த வாரமே அடுத்தவரின் லாகினில் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்தவர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்த மாமா நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ நான் இல்லாமலே கடை ஓடும்னு சொல்றீங்க” என்று சிரித்தார்.

“ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுக்கணும்ல... ஓடித்தானே ஆகணும்?” என்றார் அத்தை.